கடைசிப் பத்து நிமிடம்

கீழ்க்கட்டளை,
செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் சத்யநாராயணன் அவர்களுக்கு, தோத்தாத்ரி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தையும் கொசுவையும் தவிர்த்துப் பார்த்தால் எல்லோரும் க்ஷேமம். சேலத்தில் தங்கள் முழங்காலும் மன்னியின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொள்ளப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

அண்ணா, போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் ஃபிளாட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் சமையலறையில் தெளிவாகக் கேட்கும். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் போன் பெயருக்குத்தான் என்னுடையது. மளிகைக்கும் கேஸுக்கும் ஓடிபி வருவதால் பாதி நாள் அது சாவித்ரி கையில்தான் இருக்கிறது. எனக்கு ஏதாவது செய்தி வந்தால், நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவளே படித்துப் பதிலும் போட்டுவிடுகிறாள். தாங்கள் முப்பத்தாறு வருடம் தபால் துறையில் இருந்தவர், கடிதம் என்றால் மரியாதையோடு பிரிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். விஷயம் தங்கள் தங்கையைப் பற்றியது. பதற வேண்டாம், அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை. பதற வேண்டியவன் நான், பத்து நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இதைச் சாவித்ரியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை, அவளுக்கே தெரியும். தியேட்டருக்குப் போய் ஒரு படத்தைக்கூட நான் கடைசிவரை பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே இந்தப் பழக்கம். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சாவித்ரியின் கையில் இரண்டு தட்டுத் தட்டுவேன், எழுந்துவிடுவேன், அவளும் எழுந்து வந்துவிடுவாள். கூட்டம் வெளியே வருவதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் காரணம். தாம்பரத்துத் தியேட்டர் பார்க்கிங்கில் தாங்கள் ஒரே ஒரு தடவை மாட்டியிருந்தால் என்னைக் குறை சொல்ல மாட்டீர்கள். நம் ஸ்கூட்டர் நட்டநடுவில் நிற்கும், சுற்றி நாலு பக்கமும் எவன் எவனோ சைடு லாக் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருப்பான். இப்போது மால் வந்துவிட்டது, பூமிக்கு அடியில் மூன்று தளம் பார்க்கிங், ஆனாலும் பழக்கம் போகவில்லை. இடைவேளை முடிந்து ஒரு மணி நேரம் ஆனால் என் வலது கால் தானாக உதைக்க ஆரம்பித்துவிடுகிறது. என் வண்டி இப்போது பட்டன் ஸ்டார்ட்தான், அது காலுக்குத் தெரியவில்லை. வீட்டில் டிவியில் பார்த்தாலும் அதே கதைதான். கடைசிப் பத்து நிமிடத்தில் எழுந்து, கேட் சாத்தியிருக்கிறதா, மோட்டார் நின்றுவிட்டதா என்று பார்க்கப் போய்விடுகிறேன்.

சாவித்ரி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "அப்புறம் என்ன ஆயிருக்கும்?" நான் தாம்பரத்திலிருந்து கிளம்பிக் குரோம்பேட்டை வருவதற்குள் ஒரு முடிவு சொல்லிவிடுவேன். பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பேன், கெட்டவனை ஜெயிலுக்கு அனுப்புவேன், பல்லாவரம் சிக்னலில் நேரம் கிடைத்தால் கல்யாணம்கூடப் பண்ணிவைத்துவிடுவேன். அவள் "ம்" என்பாள். அதோடு அந்தப் படம் எங்கள் வீட்டில் முடிந்துவிடும். முப்பத்துநாலு வருடமாக இப்படித்தான் நடந்துவந்தது, ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் குடியிருப்பின் திரை ரசிகர் வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் நான் ஆரம்பித்து வைத்ததுதான். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு மோட்டார் ரூமை ஒட்டிய சங்க அறையில் கூடுவோம், அந்த வாரம் வந்த படங்களைப் பேசுவோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், ஒவ்வொருவரும் படம் பார்க்கிற லட்சணம் ஒவ்வொரு மாதிரி. முதல் மாடி உமர் பாய் பல்லாவரத்தில் பிளைவுட் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தோடு தியேட்டரில்தான் பார்ப்பார், படம் முடிந்து கடைசிப் பெயர் ஓடி விளக்குப் போடும்வரை எழுந்திருக்கவே மாட்டார், வில்லன் பங்களா கதவு எத்தனை எம்.எம். பலகை என்று வந்து சொல்வார். மூன்றாவது மாடி ஆஷா சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்; கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, தமிழ்ப் படத்துக்கே கீழே எழுத்துப் போட்டுப் படித்து, ஒரு படத்தை மூன்று நாளில் முடிப்பாள். ஜான்சி சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர், எத்தனையோ சாவைக் கண்ணெதிரே பார்த்தவர், ஆனால் சினிமாவில் ஒருவர் செத்தால் பிரஷர் ஏறிவிடும். அதனால் யார் யார் சாகிறார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் படத்துக்கே போவார்.

இவர்களுக்கு நடுவில் நான் தலைவர். முடிவே தெரியாத ஒருவன் இரண்டு வருடம் எப்படிச் சமாளித்தான் என்று கேட்பீர்கள். எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: "முடிவை மட்டும் இயக்குநர் இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்." இதைச் சொன்னால் எல்லோரும் இரண்டு விநாடி யோசித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அதற்கு மேல் யாராவது நோண்டினால், முடிவைப் பற்றிப் பேசுவது படம் பார்க்காதவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று சொல்லிவிடுவேன். அதை வட்டத்தின் விதியாகவே எழுதிச் சுவரில் ஒட்டியும் விட்டேன். போதாக்குறைக்கு இப்போது வருகிற படங்கள் எனக்குச் சாதகமாக இருந்தன. எந்தப் படமும் முடிவதேயில்லை, முடிகிற இடத்தில் இரண்டாம் பாகத்துக்கு அடி போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், முழுசாகப் பார்த்தவனும் என்னைப்போலத்தான் முழித்துக்கொண்டு வெளியே வருகிறான்.

ஒருமுறை மாட்டியிருக்க வேண்டியது. ஒரு கொலை வழக்குப் படம். அதில் வருகிற வக்கீலின் நேர்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன், இப்படி ஒரு மனிதர் நம் தெருவில் இருந்தால் போலீஸே வேண்டாம் என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த வக்கீல்தான் கொலைகாரன் என்று தெரிகிறதாம், எனக்கு எப்படித் தெரியும், நான் அப்போது பார்க்கிங்கில் டோக்கனைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது ஆஷா எழுந்தாள். "செம சார். அவன்தான் கொலைகாரன்னு தெரிஞ்சும், படம் பாக்காதவங்களுக்காகக் கடைசி வரைக்கும் அவனை நல்லவனாவே மெயின்டெயின் பண்றீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாலை போட்ட பிறகு கழுத்தைச் சுளுக்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது, அப்படியே விட்டுவிட்டேன்.

ஜான்சி சிஸ்டர் விஷயம் இதைவிட மோசம். லிஃப்டில் என்னை மடக்கி, "சார், கதையெல்லாம் வேணாம், யாரு சாவுறாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்று கெஞ்சினார். பரிதாபப்பட்டு, யாரும் சாகவில்லை, தைரியமாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். கடைசிக் காட்சியில் கதாநாயகனின் நாய் செத்துப்போகிறதாம். அவர் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. இரண்டு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது, என் பிரஷரை நினைத்துத்தானே சார் பொய் சொன்னீங்க என்று கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் முன்பு வட்டத்தில் நூறாவது கூட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வருகிற ஞாயிறுதான் நூறாவது. தலைவர் இதுவரை காப்பாற்றிவந்த ரகசியங்களையெல்லாம் அன்றைக்கு ஒருநாள் அவிழ்த்துவிட வேண்டும், 'தமிழ்ப் படங்களின் முடிவுகள்' என்று ஒரு மணி நேரம் பேச வேண்டும், பேச்சுக்கு நடுவே கேள்விகளும் கேட்கப்படும், அன்றைக்கு மட்டும் விதி தளர்த்தப்படும் என்று ஆஷா முன்மொழிந்து, உமர் பாய் வழிமொழிந்து, ஜான்சி சிஸ்டர் எழுந்து நின்று கை தட்டிவிட்டார். நான் பார்க்கலாம் என்றேன். அந்தப் பார்க்கலாமை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சாவித்ரியிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பேச்சு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எதைப் பற்றி என்று கேட்டாள். முடிவுகளைப் பற்றி என்றேன். "ஓ" என்றாள். அந்த "ஓ" இன்றுவரை என் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் எல்லாம் ஆரம்பித்தது. பத்து நாள் முன்பு மாப்பிள்ளை நிகில் பெங்களூரிலிருந்து போன் செய்தார். எங்கள் டிவியில் படம் வருவது அவருடைய கணக்கில்தான், நாங்கள் என்ன பார்க்கிறோம் என்பது அவருக்கும் தெரியுமாம். "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்கோ, உங்க லிஸ்ட்ல எல்லாப் படமும் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்தான் ஓடியிருக்கு. ரிமோட்ல ஏதாவது பிராப்ளமா?" என்று கேட்டார். ரிமோட்டில் பேட்டரி வீக் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் படங்கள் எவையெவை என்று டிவியில் போய்ப் பார்த்தேன். எல்லாம் நானும் சாவித்ரியும் சேர்ந்து தியேட்டரில் பார்த்து, பாதியில், அதாவது முக்கால்வாசியில், நான் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்த படங்கள். சிலது முப்பது வருடத்துக்கு முந்தையது. அவளுக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்திருக்கிறது.

தினமும் மூன்று மணிக்கு நான் கிளை நூலகத்துக்குப் போய் ஐந்து மணிக்கு வருவேன். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இது நடக்கிறது என்று கணக்குப் போட்டு, மறுநாள் மூன்றரைக்கே திரும்பினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன், எதிரே வந்த ஜான்சி சிஸ்டர் காலில் அடியா சார் என்று கேட்டுவிட்டு நின்று பார்த்தார். கதவைத் திறந்தால் டிவியில் ஒரு சுவாமிகள் உபன்யாசம் செய்துகொண்டிருக்கிறார், சாவித்ரி மடியில் ஒரு நோட்டு, கையில் பேனா, கண் இரண்டும் சிவந்திருக்கின்றன. "ஏன்னா, லைப்ரரி இன்னிக்கு லீவா?" என்றாள். ஆமாம் என்றேன். உபன்யாசத்துக்கு எதற்கு நோட்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ ஏன் அழுதாய் என்று கேட்கவும் வரவில்லை. காபி கேட்டுக் குடித்துவிட்டுப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை அவள் கீழே கீரை வாங்கப் போனபோது அந்த நோட்டைத் தேடிப் பிடித்தேன். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் பெண் சுப்ரஜா காலேஜில் எழுதி மீந்துபோன நோட்டு. தங்கள் தங்கையின் முத்துமுத்தான கையெழுத்தில் இருபத்தேழு படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இடது பக்கம் 'இவர் சொன்னது', வலது பக்கம் 'நடந்தது'. எல்லாம் எழுத முடியாது, ஒன்றிரண்டு தருகிறேன். இரட்டைப் பிறவிப் படம்: இவர் சொன்னது, அண்ணன் தம்பி இருவரும் ஒன்று சேர்ந்தார்கள், நடந்தது, இரண்டு பேரும் ஒரே ஆள்தான். டாக்டர் படம்: இவர் சொன்னது, கல்யாணம், நடந்தது, கல்யாணம், பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். மீனவர் படம், மழை நாள்: இவர் சொன்னது, கடலுக்குப் போன தம்பி விடியற்காலையில் திரும்பி வருகிறான்; நடந்தது, தம்பி வரவில்லை, படகு மட்டும் வருகிறது. இருபத்தேழில் எனக்கு விழுந்த டிக் நாலு. நான் அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குக் குற்றப் பத்திரிகை தயார் செய்து கொடுத்திருக்கிறேன், அண்ணா, இவ்வளவு சுத்தமாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதே சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு உமர் பாய் கூப்பிட்டார். ஒரு படத்தையாவது கடைசிவரை பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பேச ஒரு முடிவாவது கையில் இருக்கும் என்று கிளம்பினேன். "சார், நம்ம கார்லயே போயிரலாம், அவசரமே கிடையாது, கூட்டமெல்லாம் காலியான அப்புறம் நிதானமா வெளிய வரலாம்" என்றார். கார் அவருடையது, சாவி அவரிடம், நான் எழுந்து போய் எடுக்க வண்டி என்று ஒன்று கிடையாது, இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கால் உதைக்க ஆரம்பித்தது. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கையால் முழங்காலை அழுத்திப் பிடித்தேன், கதவு எங்கே கதவு எங்கே என்று மனசு அடித்துக்கொள்கிறது, திரையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. என்னை அறியாமல் எழுந்து இரண்டாவது அடித்தளத்துப் பார்க்கிங்கில் போய் நின்றேன். அங்கே டோக்கன் கொடுக்கிறவருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"இன்னா சார், வண்டி எங்க கீது?"

நண்பர் காரில் வந்தேன் என்றேன்.

"சாவி?"

அவரிடம் இருக்கிறது, அவர் படம் பார்க்கிறார் என்றேன்.

"அப்போ நீ இங்க நின்னுகினு இன்னா பண்ணப் போறே?"

அண்ணா, அரை மணி நேரம் கழித்து உமர் பாய் வந்தார், வயிறு சரியில்லை என்று சொன்னேன், அவர் பதறிப்போய் சோடா வாங்கிக் கொடுத்து, வீட்டு வாசல்வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சாவித்ரியிடம் ஒப்படைத்தார். அவள் பெருங்காயம் போட்ட மோரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வழக்கம்போல, "அப்புறம் என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். முப்பத்துநாலு வருடத்தில் அவளிடம் அப்படி நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் மோர் டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். நேற்று லிஃப்ட் பக்கத்தில் ஆஷா ஒரு கலர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாள். 'நூறாவது கூட்டம். சிறப்புரை: தலைவர் தோத்தாத்ரி. கேள்விகள்: திருமதி சாவித்ரி.' இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட இந்த வட்டத்தின் பக்கம் தலைகாட்டாதவள். யார் உங்களிடம் இந்த யோசனையைச் சொன்னது என்று ஆஷாவிடம் கேட்டேன், ஆன்ட்டியே வந்து பெயர் கொடுத்தாங்க சார், க்யூட்டா இருக்கும்ல என்கிறாள். நோட்டைப் பார்த்தவன் நான், எனக்கு அது எப்படி க்யூட்டாக இருக்கும். அத்தனை பேர் முன்னால் ஒவ்வொரு படமாக எடுத்து, நீங்கள் சொன்னது இது, நடந்தது இது என்று அவள் படிக்கப்போகிறாள். ஜான்சி சிஸ்டர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்.

மானம் போவதைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். உண்மையைச் சொல்கிறேன். அதைவிடப் பெரிய பயம் வேறு. இத்தனை வருடம் அவள் "ம்" என்று சொன்னதையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் மனசுக்குள் இருபத்தேழு படத்தையும் தேதிவாரியாக வைத்திருந்திருக்கிறாள். ஒரு பார்க்கிங் இடத்துக்காக அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியதை எல்லாம் நான் பிடுங்கிக்கொண்டேனா, இந்த மனுஷனோடு வாழ்ந்ததில் முழுசாக எதையும் பார்க்கவில்லை என்று அவள் நினைக்கிறாளா, இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவளிடம் நேரில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தாங்கள் அவளுக்கு மூத்தவர். தாங்கள் கேட்டால் சொல்வாள்.

ஆகவே தங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, சனிக்கிழமை காலையில் சாவித்ரிக்குப் போன் செய்து, முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது, உடனே கிளம்பி வா என்று சொல்லுங்கள். காய்ச்சல் என்று சொல்ல வேண்டாம், மாத்திரை பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவள் ஊரில் இல்லாவிட்டால் நானும் கூடவே வந்துவிட்டதாகச் சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிப்போட்டுவிடுவேன். இரண்டாவது, அவள் அங்கே வந்ததும், சாவகாசமாக, நான் சொன்னேன் என்று தெரியாமல், என்மேல் அவளுக்கு எவ்வளவு வருத்தம் என்று கேட்டு எழுதுங்கள். எவ்வளவு இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். கொஞ்சம் குறைத்து எழுதினாலும் சந்தோஷம்தான்.

இன்னும் ஒரு முக்கியமான விஷயம் எழுத நினைத்தேன், அதற்குள் கீழே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. சம்ப் மூடிமேல் என் வண்டி நிற்கிறது, எடுக்காவிட்டால் லாரிக்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். மன்னிக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். மற்றவை

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
தோத்தாத்ரி.

பின்குறிப்பு:

அண்ணா, நமஸ்காரம். இது சாவித்ரி. இவர் கவரை ஒட்டாமல் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போயிருக்கிறார். உங்கள் பின்கோடு எழுதாமல் விட்டிருந்தார். எழுதலாம் என்று எடுத்தேன், கடிதத்தையும் படித்துவிட்டேன். சனிக்கிழமை உங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மன்னியைத் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள். ஞாயிறு கூட்டத்தை விட்டுவிட்டு நான் வர முடியாது.

அந்த நோட்டு இவருக்காக எழுதியது. முடிவுகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று இவர் வந்து சொன்ன அன்றைக்கே நோட்டைத் தேடி எடுத்துவிட்டேன். ஆஷாவும் ஜான்சியும் கேள்வி கேட்டால் இவர் இரண்டு நிமிடம்கூடத் தாங்க மாட்டார். அதனால்தான் கேள்வி கேட்கிறவள் நான் என்று பெயர் கொடுத்தேன். அந்த இருபத்தேழு படங்களிலிருந்து மட்டும்தான் கேட்பேன். வெள்ளிக்கிழமை நோட்டை இவரிடம் கொடுத்தால் இரண்டு நாளில் படித்துவிடுவார். தப்பை ஒரு பக்கமும் சரியை ஒரு பக்கமும் எழுதினால் மனதில் நிற்கும், வகுப்பில் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன், ஒரு பிள்ளைக்கும் வினாத்தாளை முன்னாலேயே காட்டியதில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால், எனக்கா பாடம் நடத்துகிறாய் என்று கோபித்துக்கொண்டு நோட்டைத் தொடவே மாட்டார், அதனால்தான் சொல்லவில்லை. அன்றைக்கு என் கண் சிவந்திருந்தது மீனவர் படத்துக்காக. இவர் சொன்ன மாதிரியே அந்தத் தம்பி வந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

ஒரு படத்தைக்கூடக் கடைசிவரை பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். அது தப்பு. ஒன்று பார்த்திருக்கிறோம். சுப்ரஜா அப்போது வயிற்றில், ஐந்து மாதம். தீபாவளிக்கு வந்த படம், தாம்பரத்தில். முடிந்ததும் அத்தனை கூட்டமும் ஒரே கதவுக்கு வந்தது. மாடிப்படியில் என்னைக் கிரில்லோடு வைத்து நசுக்கிவிட்டார்கள். இவர் எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் புகுந்து, இரண்டு கையாலும் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் இறங்கிப்போகும்வரை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அன்றிரவு இவர் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அம்மா பயந்துவிடுவாள் என்று உங்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை. அதற்கடுத்த படத்தில்தான் முதல் தடவையாக என் கையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பார்க்கிங்குக்காக என்று இவர் எழுதியிருப்பதை நீங்கள் திருத்த வேண்டாம், இவர் அப்படியே நம்பிக்கொண்டு இருக்கட்டும். எங்கள் வீட்டுக்கு முதல் ஸ்கூட்டர் வந்தது சுப்ரஜாவை எல்.கே.ஜி.யில் சேர்த்த வருடம். அதுவரைக்கும் தியேட்டருக்குப் பஸ்ஸில் போய் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தோம். அப்போதும் பத்து நிமிடம் முன்னால் எழுந்துவிடுவார்.

சாவித்ரி